அடிச்சாச்சு

நீங்கள் வைத்துவிட்டுப் போன டீ ஆறிவிட்டது மேடம். தப்பாக நினைக்க வேண்டாம், நான் டீ காப்பி எதுவும் குடிப்பதில்லை. எனக்கு எந்தப் பழக்கமும் கிடையாது.

தெரிந்ததையெல்லாம் என் கையாலேயே எழுதித் தரச் சொன்னீர்கள். உங்கள் ஸ்டேஷனில் கோடு போட்ட தாளாகக் கொடுத்தது நல்லதாயிற்று. கோடு இல்லாவிட்டால் என் எழுத்து மேலே ஏறிக்கொண்டே போகும். துணியில் அப்படி இல்லை. காஜா எடுப்பதில், அதாவது பட்டன் துளைக்கு நூல் சுற்றுவதில், என் கை நூலிழை பிசகாது. இருபத்து மூன்று வருடமாக என் வீட்டுக்காரர் தைத்த சட்டைகளுக்கெல்லாம் காஜா எடுத்து, பட்டன் வைத்து, கீழ் மடிப்பு தைத்தவள் நான்தான். அவரை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். என்னை மாஸ்டர் வீட்டம்மா என்பார்கள். எனக்கென்று ஒரு பெயர் இருப்பது ஓட்டுப் போடுகிற அன்றைக்கு மட்டும்தான் எனக்கே ஞாபகம் வரும்.

அவருடைய குடியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மீதி விளங்காது.

அவர் தெருவில் விழுந்து கிடக்கிற ரகம் இல்லை. எங்களுக்கு முன்னறை கடை, பின்னால் வீடு. காலையில் மெஷினில் உட்கார்ந்தால் நாலு மணி வரை தலை நிமிர மாட்டார். நாலு மணிக்குக் கத்தரியை ஆணியில் மாட்டிவிட்டு வெளியே போவார். ஏழு மணிக்குத் திரும்புவார். நடை தள்ளாடாது, பேச்சு குழறாது. சாப்பிடுவார், சிரிப்பார், எங்கள் ஒரே மகள் குட்டிக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பார். கணக்கும் சரியாகவே இருக்கும். காலையில் எழுந்தால் அதில் ஒன்றுகூட அவரிடம் மிச்சம் இருக்காது. அவளுடைய நோட்டைப் புரட்டிவிட்டு, "யாரு குட்டி போட்டுக் குடுத்தா, கையெழுத்து என்னுது மாதிரியே இருக்கு" என்று அவளிடமே கேட்பார். அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

இது எப்படி நடக்கிறது என்று போன வருடம்தான் ஒரு டாக்டர் விளக்கினார். நடப்பதைப் பதிந்து வைக்கிற இடம் ஒன்று மூளையில் இருக்கிறதாம். வேகமாக நிறையக் குடித்தால் அந்த இடம் மட்டும் வேலையை நிறுத்திவிடுமாம். ஆள் நடப்பார், பேசுவார், வாக்குக் கொடுப்பார், சண்டை போடுவார். எதுவும் பதியாது. மறந்துபோனால் தேடி எடுக்கலாம், பதியாததை எங்கே போய்த் தேடுவது என்றார்.

"பாபின்ல நூல் தீர்ந்துட்ட மாதிரி, இல்லையா டாக்டர்?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

டாக்டருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. மெஷினுக்கு அடியில் இருக்கிற பாபினில் நூல் தீர்ந்துவிட்டால் மேலே ஒன்றும் தெரியாது. ஊசி ஏறி இறங்கும், துணி நகரும், சத்தமும் அதே சத்தம். துணியைத் தூக்கிப் பார்த்தால் தையல் விழுந்திருக்காது. வெறும் ஓட்டைகள் வரிசையாக இருக்கும்.

டாக்டர் இன்னொன்றும் சொன்னார். மூளை அந்த வெற்றிடத்தை அப்படியே விட்டு வைக்காதாம். பக்கத்தில் இருப்பவர் என்ன சொன்னாலும் அதை எடுத்து ஒட்டுப் போட்டுக்கொள்ளுமாம், கொஞ்ச நாளில் அது தானே கண்ணால் பார்த்த மாதிரி ஆகிவிடுமாம். இதைக் கேட்டு நான் தலையாட்டிக்கொண்டேன். இதைக் கண்டுபிடிக்க எனக்கு டாக்டர் படிப்பு தேவைப்படவில்லை.

கல்யாணமான புதிதில் நான் நடந்ததை நடந்தபடியே சொல்வேன். ராத்திரி சாப்பாட்டின்போது, "உனக்கெல்லாம் ஊசி பிடிக்க யாரு சொல்லிக் குடுத்தா" என்று கேட்டிருப்பார். காலையில் அதைச் சொன்னால் சிரிப்பார். "நானா? நான் எதுக்கு அப்படிச் சொல்லப் போறேன்? கனவு கண்டிருப்பே." அவ்வளவுதான், என் வருத்தம் செல்லாக் காசாகிவிடும். திட்டியவருக்குத் திட்டியது தெரியாது, வாங்கியவளுக்கு மட்டும் தெரியும். பத்து வருடம் இப்படி வாழ்ந்து பார்த்தால்தான் அதன் கசப்பு தெரியும்.

கண்ணாடி உடைந்தது குட்டிக்கு ஏழு வயதாக இருந்தபோது. கடையில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று இருந்தது. ஒரு நாள் சாயங்காலம் அவர் வெளியே போன பிறகு ஒரு வாடிக்கையாளர் வந்து, புதுச் சட்டையைப் போட்டுப் பார்த்து, என் காஜாவைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, "மாஸ்டர் கையே கை" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போனதும் கத்தரியை எடுத்து வீசினேன். கண்ணாடி மேலிருந்து கீழ் வரை பிளந்துவிட்டது.

காலையில் என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்கதான்" என்றேன். நடந்ததைச் சொன்னபோது நம்பாத மனிதர், நடக்காததைச் சொன்னதும் உடனே நம்பினார். "உன் மேல ஏதும் பட்டுச்சா?" என்றுதான் முதலில் கேட்டார். பிறகு தன் கையாலேயே சில்லுகளைப் பொறுக்கினார், விரலில் கீறிக்கொண்டார், என்னிடம் மன்னிப்புக் கேட்டு அழுதார். அந்த வீட்டில் என்னிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டது அதுதான் முதல் தடவை. அது எனக்குப் பிடித்திருந்தது. மறைக்க என்ன இருக்கிறது.

அதன்பின் ஒரு வாரம் அவர் குடிக்கவில்லை. அதனால் நான் அதை மருந்து என்று எடுத்துக்கொண்டேன். அவ்வப்போது கொடுத்தேன். எங்கள் அம்மாவைக் கண்டபடி பேசினீர்கள் என்றேன், அம்மாவுக்கு உடனே போன் செய்து காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். நேற்று தட்டைத் தூக்கி எறிந்தீர்கள் என்றேன், குட்டியைத் தள்ளிவிட்டீர்கள் என்றேன். ஒவ்வொன்றுக்கும் கூனிக் குறுகினார். வெட்கப்படுகிற மனிதர் இன்னும் அதிகமாகக் குடிப்பார் என்பது எனக்கு முதலில் தெரியாது. தெரிந்த பிறகு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

இனி அந்த நோட்டு. நீங்கள் மேஜை இழுப்பறையில் பூட்டி வைத்திருக்கிற, அட்டை கிழிந்த நீல நோட்டு. தன் ஞாபகத்தை அவர் நம்பாததால் எல்லா வேலையையும் அதில் எழுதுவார். ஆளின் அடையாளம், பக்கத்தில் ஒரு சொல். அவர் பேச்சில் எல்லாமே அடிதான். தையல் அடிப்பார், ஓவர்லாக் அடிப்பார், நாலு மணி ஆனால் தண்ணி அடிப்பார். எழுத்திலும் அப்படியே.

குட்டி இறந்த அன்று காலையில் அவர் விழித்தபோது அவள் அவர் பக்கத்தில் கிடந்தாள். ஒன்பது வயது. காதுக்குப் பின்னால் வீங்கியிருந்தது. தொட்டுப் பார்த்தார். உலுக்கினார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, எப்போதும் கேட்பது போலவே கேட்டார்.

"நேத்து என்ன நடந்துச்சு?"

நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை மேடம். அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். மெஷின் மேல் கிடந்த நோட்டை எடுத்து, கடைசியாக எழுதியிருந்த பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். அவருடைய கையெழுத்தில், முந்தைய நாள் தேதி போட்டு இரண்டே சொல் இருந்தது.

குட்டி – அடிச்சாச்சு.

அவர் அந்த வரியை விரலால் தொட்டுப் படித்தார். பிறகு நோட்டை மூடி என் கையில் கொடுத்தார்.

அக்கம்பக்கத்தில் கேட்டவர்களிடம் குட்டி கட்டிங் டேபிளிலிருந்து விழுந்துவிட்டாள் என்று சொன்னேன். அதுவும் பொய்யில்லை. சான்றிதழ் கொடுத்த டாக்டரும் அப்படியே எழுதிக்கொண்டார். தன்னைக் காப்பாற்றத்தான் நான் அப்படிச் சொன்னேன் என்று என் வீட்டுக்காரர் நினைத்துக்கொண்டார். பதினோரு வருடம் எனக்கு நன்றியோடு இருந்தார். என்னை எதிர்த்து ஒரு சொல் பேசியதில்லை. புதிதாக ஒரு நோட்டு வாங்கினார், அதில் தையல் முடிந்த துணிக்கெல்லாம் "தைச்சாச்சு" என்றுதான் எழுதினார். பழைய சொல்லை அதன்பின் அவர் வாயிலும் கேட்டதில்லை, எழுதியும் பார்த்ததில்லை. குடி மட்டும் நாலு மணியிலிருந்து பன்னிரண்டு மணிக்கு வந்துவிட்டது.

போன வருடம் கால் மரத்துப்போகிறது, ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை என்று அந்த டாக்டரிடம் போனோம். இனி ஒரு சொட்டுத் தொட்டாலும் பிழைக்க மாட்டீர்கள் என்று சொல்லி, ஆஸ்பத்திரியில் இரண்டு வாரம் வைத்திருந்து குடியை நிறுத்திவிட்டார். கொஞ்சம் வைட்டமின் மாத்திரைகளும் கொடுத்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இந்த மாத்திரைய மட்டும் விட்டுடாதீங்கம்மா. மறுபடி குடிச்சு, சாப்பாடும் இல்லாம, இதுவும் இல்லாம போச்சுன்னா மூளையில நிரந்தரமா சேதம் ஆயிடும். அப்புறம் இன்னைக்கு நடந்தது நாளைக்கு நிக்காது" என்றார். நான் மிகக் கவனமாகக் கேட்டுக்கொண்டேன்.

நாலு மாதம் அவர் குடிக்கவில்லை. கை நடுக்கம் நின்றது. சாப்பாடு இறங்கியது. முந்தைய நாள் நான் சொன்னதை மறுநாள் எனக்கே திருப்பிச் சொன்னார். உங்களுக்கு அது சாதாரணம். எனக்கு, வீட்டில் புதிதாக ஓர் ஆள் குடிவந்த மாதிரி இருந்தது.

அந்த மாதங்களில்தான் உங்கள் ஸ்டேஷனுக்கு அவர் கடிதம் எழுதியிருக்கிறார். என் மகளை நானே கொன்றேன், என் மனைவி என்னைக் காப்பாற்றினாள், எனக்குத் தண்டனை வேண்டும் என்று. எனக்குத் தெரியாமல் தபாலில் போட்டிருக்கிறார். அது எட்டு மாதம் எங்கேயோ தூங்கிவிட்டு இந்த வாரம் உங்கள் மேஜைக்கு வந்திருக்கிறது. உங்கள் ஆபீஸ் வேகத்தைப் பற்றி நான் குறை சொல்லவில்லை.

கடிதம் போட்டதற்குப் பிறகு ஒரு நாள், பெட்டிக்கு அடியில் துண்டுத்துணி தேடியபோது அந்தக் கவுன் அவர் கையில் கிடைத்தது. வெளிர் மஞ்சள் கவுன். குட்டியின் பள்ளிக்கூட விழாவுக்காக அவர் தைத்தது. நான் துவைத்து மடித்து வைத்திருந்தேன். ஏன் தூக்கிப் போடவில்லை என்று கேட்பீர்கள். நல்ல துணி.

அவர் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் தையலைப் பார்த்தார். கண்ணாடி போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இது தண்ணி போட்ட கை இல்ல" என்றார். "நேர் தையல். பகல்ல அடிச்சிருக்கேன்."

பதினோரு வருடம் கழித்து அந்தச் சொல்லை அவர் சொன்னார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவர் காதில் விழுந்தது போலிருக்கிறது. பிறகு கவுனைத் தலைகீழாகப் பிடித்து, கீழ் விளிம்பை விரலால் நீவிக்கொண்டே போனார். பாதி வட்டம் வரை குண்டூசி இருந்தது. மீதிப் பாதியில் இல்லை.

"பாதி பின்தான் குத்தியிருக்கு" என்றார்.

கீழ் மடிப்பு என் வேலை. அவர் ஒரு நாளும் அதைத் தொட்டதில்லை. வேறு எதுவும் கேட்கவில்லை. கவுனை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு மெஷினில் போய் உட்கார்ந்தார். மிதிக்கவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தார். அவருக்கு யோசிக்க இப்போது நாள்கள் இருந்தன, ஒரு நாள் யோசித்தது மறுநாளும் நிற்கும். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் நான் கடைக்குப் போய் ஒரு பாட்டில் வாங்கி வந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக வாங்கினேன், பெயர் தெரியாமல் விரலால் காட்டி வாங்கினேன். டம்ளரில் ஊற்றி மெஷின் பலகையில் வைத்தேன். "இன்னைக்குக் குட்டி பிறந்த நாள்" என்றேன். அன்றைக்குப் பிறந்த நாள்தான், பொய் சொல்லவில்லை. "ஒரு வாய் குடிங்க. அவள அடிச்ச கையோட எத்தனை நாள்தான் சும்மா உக்காந்திருப்பீங்க?"

அவர் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தார். நான் வாயில் ஊற்றவில்லை. வைத்தேன், அவ்வளவுதான். அடுத்த நாளும் வைத்தேன். காலையிலும் வைத்தேன். சாப்பாடு வேண்டாம் என்றார், வற்புறுத்தவில்லை. மாத்திரைகளைத் தினமும் தவறாமல் எடுத்து, தவறாமல் கழிவறையில் போட்டேன். மூன்று மாதம் ஆனது. ஒரு காலையில் கண் இரண்டு பக்கமும் ஆட, நிற்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்த்து, சட்டைக்கு அளவு கொடுக்க வந்தீர்களா என்று கேட்டார். அதன்பின் ஆஸ்பத்திரி, அதன்பின் இப்போதிருக்கிற பராமரிப்பு இல்லம். கடைசிப் பன்னிரண்டு பதிமூன்று வருடம் அவரிடம் இல்லை. புதிதாகச் சொல்வதும் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்பதில்லை.

இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். நேற்று முன்தினம் நீங்கள் அந்தக் கடிதத்தோடு வந்தீர்கள். இது உண்மையா என்று கேட்டீர்கள். நான் நீல நோட்டைக் கொண்டுவந்து பக்கத்தைத் திறந்து காட்டினேன். அவரிடம் காட்டிய மாதிரியேதான். ஆனால் நீங்கள் முந்தைய பக்கங்களைப் புரட்டினீர்கள். அந்தக் காலைக்குப் பிறகு அவர் அதைப் புரட்டியதே இல்லை.

"பேங்க் மேனேஜர், வெட்டியாச்சு" என்று வாய்விட்டுப் படித்தீர்கள். "ரெண்டு நாள் கழிச்சு, பேங்க் மேனேஜர், அடிச்சாச்சு. டீச்சரம்மா, வெட்டியாச்சு, அடிச்சாச்சு. ஏம்மா, இவங்கல்லாம் உயிரோட இருக்காங்களா?"

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. உங்களுக்கு வரவில்லை. "எங்க பெரியப்பாவும் டெய்லர்தாம்மா" என்றீர்கள். "வெட்டியாச்சுன்னா துணி வெட்டியாச்சு. அடிச்சாச்சுன்னா தையல் முடிஞ்சாச்சு. இது குட்டியோட துணிதானே?"

ஆமாம் மேடம். அது குட்டியின் துணி. ஊரிலுள்ள எந்தத் தையல்காரரும் ஒரு நொடியில் சொல்லிவிடுவார். எழுதியவருக்கு மட்டும் பதினோரு வருடம் தெரியவில்லை. செத்த பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தவருக்கு, முந்தைய பகலில் தைத்த கவுன் ஞாபகம் வரவில்லை. ஏன் தெரியவில்லை என்று கேட்டீர்கள். தான் கெட்டவன் என்று இரண்டு வருடம் காலையில் திரும்பத் திரும்பக் கேட்டு எழுந்த மனிதர் தன் கையெழுத்தை வேறு எப்படிப் படிப்பார்.

அவர் தையலை அடிப்பார், ஓவர்லாக்கை அடிப்பார், தண்ணியை அடிப்பார். மனுஷர் யாரையும் அவர் அடித்ததில்லை. போதையிலும் கை ஓங்கியதில்லை.

அன்று பகலில் அவர் கவுனைத் தைத்து முடித்து, நோட்டில் எழுதிவிட்டு, நாலு மணிக்குப் போய்விட்டார். மடிப்புக்கு அளவு எடுக்க நான் குட்டியைக் கட்டிங் டேபிள் மேல் ஏற்றி நிறுத்தினேன். கீழிருந்து பார்த்தால்தான் விளிம்பு சமமாகத் தெரியும். பாதி வட்டம் பின் குத்திக்கொண்டு வந்தேன். அப்பா நாளைக்கு மாலையில் விழாவுக்கு வருவாரா என்று கேட்டாள். அவர் வந்து என்ன கிழிக்கப் போகிறார், கண்ணாடியை உடைத்த மாதிரி அங்கேயும் எதையாவது உடைப்பார் என்றேன்.

"கண்ணாடிய உடைச்சது நீதானேம்மா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. "நான் கதவுகிட்ட நின்னேன். அப்பாகிட்ட சொல்லிடவா? அப்பா பாவம்மா."

இரண்டு வருடம் அதை வயிற்றுக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறாள். கண்ணாடியைச் சொன்னது கூடப் பரவாயில்லை. அப்பா பாவம் என்றாளே, அதுதான். பன்னிரண்டு வருடம் அந்த வீட்டில் நான் ஒருத்தி இருந்தேன். என்னை யாரும் பாவம் என்று சொல்லவில்லை.

ஓர் அறைதான். இடது கையால். டேபிளிலிருந்து பின்பக்கமாகச் சாய்ந்து விழுந்தாள், மெஷினின் இரும்புக் காலில் தலை பட்டது. உடனே எழுந்து உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வாந்தி எடுத்தாள். தலை வலிக்கிறது, தூக்கம் வருகிறது என்றாள். ஆஸ்பத்திரி இரண்டு தெரு தள்ளித்தான், நடந்தே போய்விடலாம். போனால் எப்படி விழுந்தாய் என்று கேட்பார்கள். அவள் எதையும் ஒளிக்காமல் சொல்கிற பிள்ளை. அதனால் கவுனைக் கழற்றிவிட்டு, வேறு சட்டை போட்டுப் படுக்க வைத்தேன். தூங்கட்டும் என்று விட்டேன். ஐந்து மணியிலிருந்து பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மூச்சு மாறுவது தெரிந்தது. உட்கார்ந்தே இருந்தேன். அவர் வந்து, அவள் தூங்குகிறாள் என்று நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, சாப்பிட்டுப் படுத்தார். அவர் பக்கத்தில் அவள் தானாகப் போய்ப் படுக்கவில்லை. மூச்சு நின்ற பிறகு நான்தான் தூக்கிக்கொண்டு போய் வைத்தேன்.

கவுன் என் ஊசிப் பெட்டிக்கு அடியில் இருக்கிறது. பின்களை எடுக்கவில்லை. எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒரு தாள் மிச்சம் இருக்கிறது. இல்லத்துக்குத் தினமும் பதினொரு மணிக்குப் போவேன். நாளைக்கு யார் போவார்கள் என்று நீங்கள் ஏற்பாடு செய்ய வேண்டும். அவர் படுக்கை விரிப்பின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டே இருப்பார். முழுச் சுற்றும் நீவிவிட்டு மறுபடி ஆரம்பிப்பார். என்னைப் பார்த்ததும் ஒரே கேள்விதான். "குட்டி எங்க?"

நான் சொல்வேன். அவர் அன்றைக்குத்தான் கேள்விப்படுகிற மாதிரி அழுவார். பத்து நிமிடத்தில் அது போய்விடும், மறுபடி கேட்பார், மறுபடி சொல்வேன். அங்கிருக்கிற நர்ஸ் ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏம்மா, ஸ்கூலுக்குப் போயிருக்கான்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன? அவரும் நிம்மதியா இருப்பார்ல?" என்று கேட்டாள். நோயாளியிடம் பொய் சொல்லச் சொல்கிறாள், அவளுடைய மேலதிகாரியிடம் புகார் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன்.

நான் அவரிடம் சொல்வதெல்லாம் ஒன்றுதான். "நீங்கதான் அடிச்சீங்க." அதில் என்ன பொய் இருக்கிறது மேடம். அந்தக் கவுனை அவர்தானே அடித்தார்.